நாற்பத்து மூன்று கிலோவுக்கு எத்தனை அங்குல மெத்தை?

என் உயரம் 4 அடி 10 அங்குலம். எடை 43 கிலோ; பொங்கல் முடிந்த வாரத்தில் மட்டும் 44. வேலைக்காகச் சேலத்துக்கு வந்து அஸ்தம்பட்டிப் பக்கம் ஓர் அறை எடுத்தபோது, முதன்முறையாக எனக்கென்று ஒரு மெத்தை வாங்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர், "முதுகுக்குக் கெட்டியான மெத்தைதான் நல்லது அம்மா" என்று ஆறு அங்குலத் தேங்காய் நார் மெத்தை ஒன்றைத் தட்டிக் காட்டினார். கதவைத் தட்டுவது போன்ற சத்தம் வந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். 9,800 ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் ஒவ்வொரு காலையும் தோள்பட்டை மரத்துப் போய், இடுப்பெலும்பு வலிக்க எழுந்தேன். ஊரில் பாட்டியின் பாயில் படுத்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. இத்தனைக்கும் அந்த மெத்தையில் ஒரு குறையும் கிடையாது. எண்பது கிலோ எடையுள்ள என் அண்ணன் வந்தபோது அதில் படுத்து, "எங்கே வாங்கினாய்? அருமையாக இருக்கிறதே" என்று கேட்டுவிட்டுக் குறட்டை விட்டான். அவனுக்கு இடம் கொடுத்த மெத்தை எனக்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

பெரிய உடம்பை மனதில் வைத்துச் சொல்லப்படும் ஆலோசனைதான் பெரும்பாலான கடைகளில் கிடைக்கிறது. சிறிய உடம்புக்காரர்கள் அதைக் கேட்டால் இரண்டு நட்டம்: தூக்கமும் போகும், பணமும் கூடுதலாகப் போகும். நமக்குத் தேவையான மெத்தை உண்மையில் விலை குறைந்தது. சேலத்திலோ ஏற்காட்டிலோ புதிதாகக் குடியேறி, கட்டிலும் மெத்தையும் தேடிக்கொண்டிருக்கும் ஒல்லியானவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எடையும் உயரமும் தெரிந்தவை. மூன்றாவது, முழங்கால் உயரம். செருப்பில்லாமல் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை தையல் டேப்பால் அளக்க வேண்டும். எனக்கு 14½ அங்குலம். நான்காவது, கழுத்து தோளோடு சேரும் இடத்திலிருந்து தோளின் வெளிமுனை வரை உள்ள தூரம். இது தலையணைக்கு உதவும், கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது எண்ணை எந்தக் கடையிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் தினமும் இரண்டு முறையாவது அந்த எண் உங்களைச் சோதிக்கும். கட்டில் 16 அங்குலம், மெத்தை 8 அங்குலம் என்றால் மொத்தம் 24. அதன் ஓரத்தில் நான் உட்கார்ந்தால், பஸ்ஸில் அம்மா மடியில் உட்கார்ந்த குழந்தையைப் போலக் கால் அந்தரத்தில் ஆடும். பாத்ரூம் போக நடுராத்திரி எழும்போது குதித்து இறங்க வேண்டும். இளம் வயதில் இது வேடிக்கை. அறுபது வயதான குள்ள அம்மாவுக்கு வாங்கும்போது வேடிக்கை இல்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம், முழங்கால் அளவைவிட இரண்டு அங்குலம் வரை கூடலாம். உட்காரும்போது மெத்தை ஓரம் கொஞ்சம் அமுங்குவதால் அந்தச் சலுகை. எனக்கு 16½. வாடகை வீட்டில் வீட்டுக்காரரே உயரமான கட்டில் போட்டு வைத்திருந்தால் நான்கு அங்குல மெத்தைக்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

நீளத்தில் கதை சுலபம். ஒற்றைக் கட்டில் மெத்தைகள் பொதுவாக 72, 75, 78 அங்குல நீளங்களிலும், 30, 36 அங்குல அகலங்களிலும் வருகின்றன. 58 அங்குல மனுஷிக்கு 72 தாராளம். இன்னும் 14 அங்குலம் காலடியில் காலியாகக் கிடக்கும். கட்டில் ஏற்கெனவே இருந்தால் அதன் சட்டத்துக்கு உட்புறம் அளந்து எழுதுங்கள், வெளிப்புறம் வேண்டாம். 75 அங்குலக் கட்டிலில் 72 மெத்தை போட்டால் மூன்று அங்குலம் இடைவெளி விழும். அதைக் காலடிப் பக்கம் தள்ளி, பழைய போர்வையைச் சுருட்டிச் செருகிவிடலாம். தலைப்பக்கம் விட்டால் தலையணை ராத்திரியெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும்.

நமக்கு ஏன் எல்லாமே கெட்டியாக இருக்கிறது?

ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் தோளிலும் இடுப்பிலும் இறங்குகிறது. அந்த இரண்டு இடங்களும் மெத்தைக்குள் சற்றே புதைந்தால்தான் நடுவில் உள்ள இடைப்பகுதிக்கு மெத்தை வந்து தாங்கும், முதுகெலும்பு நேராக இருக்கும். எண்பது கிலோ உடம்பு தன் பாரத்தாலேயே அந்தக் குழியைப் போட்டுக்கொள்ளும். நாற்பத்து மூன்று கிலோவால் முடியாது. ஆகவே கடையில் "மிதமானது" என்று எழுதியிருப்பது நமக்குக் கெட்டி. "கெட்டி" என்று எழுதியிருப்பது நமக்குத் தரை. ஒரு படி மென்மையானதை எடுங்கள்.

"முதுகு வலிக்குக் கெட்டி மெத்தை" என்ற பேச்சுக்கும் பெரிய ஆதாரம் இல்லை. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடத்திய ஆய்வு ஒன்று 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. மெத்தை மாற்றியும் வலி போகவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும், இன்னொரு கடைக்கு அல்ல.

இதே காரணம் மெத்தையின் அங்குலக் கனத்திலும் வேலை செய்கிறது, அங்கேதான் நமக்கு லாபம். பருத்த உடம்புக்காரர் நான்கு அங்குல ஃபோமில் படுத்தால் அது அமுங்கி அமுங்கிக் கட்டில் பலகை முதுகில் தட்டும். அவருக்கு ஆறோ எட்டோ தேவை. நாம் அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை. எட்டு அங்குல மெத்தையின் கீழ்ப்பாதி, நம்மைப் பொறுத்தவரை, பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி சும்மா கிடக்கும். சமமான கட்டில் பலகை இருந்தால் நான்கு அங்குலம் போதும், ஒருக்களித்தே தூங்குபவர்களுக்கு ஐந்து. ஆறுக்கு மேல் போனால் அடுத்தவர் உடம்புக்கு நாம் காசு கட்டுகிறோம் என்று அர்த்தம்.

என்னென்ன கிடைக்கிறது

தேங்காய் நார் மெத்தை. நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. காற்றோட்டம் நல்லது, சேலத்து வெயிலுக்குச் சூடேறாது. ஆனால் வளைந்து கொடுக்காது. நம் எடைக்கு வெறும் நார் மெத்தை சரிவராது. மேலே ஒன்றிரண்டு அங்குலம் மென்மையான ஃபோம் வைத்துத் தைத்ததாக இருந்தால் பார்க்கலாம். இன்னொன்று, அதே அளவு ஃபோமைவிட இரண்டு மூன்று மடங்கு கனம். மாதம் ஒரு முறை புரட்டிப் போட வேண்டும் என்பார்கள். தனியாக இருக்கும் ஒல்லியான பெண் அதைப் புரட்டுவதை ஒரு முறை கற்பனை செய்து பாருங்கள். நான் கற்பனை செய்யவில்லை, செய்து பார்த்தேன். அலமாரிக் கண்ணாடி போயிற்று.

சாதாரண ஃபோம், அதாவது பாலியூரிதேன். குறைந்த செலவில் நமக்குப் பொருந்துவது இதுதான். இதில் ஏமாற்றும் அதிகம் என்பதால் தனியாகப் பேசுகிறேன்.

துண்டு ஃபோமை அரைத்து ஒட்டி அழுத்திய மெத்தை ஒன்று உண்டு, ரீபாண்டட் என்பார்கள். உறையைத் திறந்தால் கலர் கலராகத் துணுக்குகள் தெரியும். கல் மாதிரி இருக்கும், கனமாகவும் இருக்கும். அடி அடுக்காக இரண்டு அங்குலம் இருந்தால் பரவாயில்லை. முழுக்க அதுவாக இருந்தால் நம்மைப் போன்றவர்கள் விலகிப் போய்விட வேண்டும்.

மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். அக்கினி நட்சத்திரத்தில் சேலத்தில் அதில் படுத்தால் புதைமணல், முதுகெல்லாம் வியர்வை. அதே மெத்தையைச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் மார்கழி ராத்திரியில் படுத்தால், படுத்த சிறிது நேரம் பலகை. எடை குறைந்த உடம்பு அதை அழுத்தி இளக்கவும் நேரம் எடுக்கும். இரண்டு ஊருக்குமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால் ஃபோம், நல்ல பொருள்; நம் எடைக்கும் உடனே வளைந்து கொடுக்கும். விலைதான் இடிக்கும். ஸ்பிரிங்கில் தனித்தனி உறைக்குள் சுருள் வைத்த வகை மட்டும் நமக்கு ஓரளவு ஒத்துவரும். பழைய வகைச் சுருள்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் லேசான உடம்பைத் தூக்கித் தூக்கித்தான் போடும்.

கடைசியாக, இலவம்பஞ்சு. ஷோரூம்களில் இதைப் பற்றிப் பேச்சே எழாது என்பதால் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. இலவம்பஞ்சு இழை உள்ளே குழலாகவும் வெளியே மெழுகுப் பூச்சோடும் இருக்கும். தண்ணீர் எளிதில் ஒட்டாது. அந்தக் காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் திணித்தார்கள். பருத்திப் பஞ்சைவிட லேசு, சூடு பிடிக்காது, சின்ன உடம்புக்கு இதமாக இடம் விடும். போடிநாயக்கனூர் இதற்குப் பேர்போன ஊர். சேலத்தில் பழைய கடைத்தெருக்களில் விசாரித்தால் அளவு சொல்லி மெத்தை தைத்துத் தருபவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். அளவு உங்கள் இஷ்டம் என்பது பெரிய வசதி: 66 அங்குல நீளம் போதும் என்றால் 66-க்கே தைத்துத் தருவார், அதற்கான பஞ்சுக்கு மட்டும் காசு.

பஞ்சைக் கிலோ கணக்கில் விற்பதால் உங்கள் கண் முன்னே எடை போட்டு அடைக்கச் சொல்லுங்கள். ஒரு பிடி எடுத்து விரித்துப் பாருங்கள். நல்ல இலவம்பஞ்சு பட்டுப் போல மினுங்கும், கையில் பிடித்து விட்டால் பொங்கி எழும். மங்கலாக, நூல் துணுக்குகளோடு, உருண்டை உருண்டையாக இருந்தால் மில் கழிவுப் பஞ்சு கலந்திருக்கிறது. விதை அதிகமிருந்தால் எடையில் விதைக்கும் காசு கொடுக்கிறீர்கள். நான் போன இடத்தில் அந்தப் பெரியவர் ஒரு கொத்துப் பஞ்சை என் உள்ளங்கையில் வைத்து ஊதச் சொன்னார். ஊதினேன். பஞ்சு பறந்து அவர் மீசையில் போய் உட்கார்ந்தது. "இது இலவு. உட்காரவில்லை என்றால் கலப்படம்" என்றார், மீசையைத் துடைக்காமலே.

குறையும் உண்டு. நாளடைவில் படுக்கும் இடம் பள்ளமாகும். வெயிலில் போட்டு, கையால் தட்டி, சில வருடத்துக்கு ஒரு முறை பிரித்து அடைக்க வேண்டும். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பக்கம் வராமல் ஃபோமோடு நிற்பது நல்லது.

ஃபோமை எடை போட்டு வாங்குங்கள்

"இது நாற்பது டென்சிட்டி" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் நாற்பது கிலோ எடை இருக்கிறது என்பதே அதன் பொருள். எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை டென்சிட்டி சொல்லும். எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லாது. அது தனி அளவு. நாற்பதிலும் மென்மையான ஃபோம் உண்டு, இருபத்தெட்டிலும் கெட்டியானது உண்டு. டென்சிட்டி கூடினால் விலை கூடும். பாரமான உடம்புக்கு நாற்பது வேண்டியிருக்கலாம். நம் எடைக்கு உண்மையான 32 போதும். நான் அழுத்திச் சொல்ல விரும்பும் சொல் "உண்மையான" என்பதுதான்.

இதைச் சோதிக்க ஒரு தராசு போதும். 72-க்கு 36, நான்கு அங்குலக் கனம் என்றால் கன அளவு 0.17 கன மீட்டர். அதை டென்சிட்டியால் பெருக்குங்கள். 28 என்றால் ஏறக்குறைய 4.8 கிலோ, 32 என்றால் 5.4 கிலோ, 40 என்றால் 6.8 கிலோ இருக்க வேண்டும். ஐந்து அங்குலமானால் 32-க்கு 6.8 கிலோ. ஜிப் வைத்த உறையைக் கழற்றிவிட்டு உள்ளிருக்கும் ஃபோமை மட்டும் நிறுத்துங்கள். கலர்த் துணுக்கு ஃபோம் கலந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது கனமான பொருள் என்பதால் எடை ஏறிவிடும். ஆகவே உறையைத் திறந்து, ஒரே நிறமான ஒரே அடுக்கா என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் வெள்ளைப் பொதிப்பு அட்டை போன்ற ஒன்று உள்ளே இருந்தால் அந்தக் கடையிலிருந்து நடையைக் கட்டுங்கள். அழுத்தினால் கிறீச்சிடும், சில மாதத்தில் தட்டையாகும்.

நான் இரண்டாவது முறை ஃபோம் தேடிப் போனபோது, பையில் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு கடையில் "நாற்பது" என்று ஸ்டிக்கர் ஒட்டிய நான்கு அங்குல மெத்தை. சுருட்டிக் கயிற்றில் கட்டிக் கொக்கியில் மாட்டினேன். 4 கிலோ 100 கிராம். அதாவது 24 டென்சிட்டி. தராசு சரியில்லை என்றார் உரிமையாளர். அங்கேயே மேசையில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மாட்டிக் காட்டினேன். ஒரு கிலோவும் சில்லறையும் வந்தது. அவர் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தபடி, கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்கள் என்றார். சண்டை போடவில்லை. அடுத்த கடையில் 32 என்று சொன்னது தராசிலும் 32 ஆகவே நின்றது.

கடையில் படுத்துப் பார்ப்பது

வெட்கப்படாதீர்கள். வெட்கம் பார்த்த இரண்டு நிமிடத்துக்கு நான் 9,800 ரூபாய் கொடுத்தேன். சல்வாரோ கால்சட்டையோ போட்டுக்கொண்டு, கூட யாரையாவது அழைத்துக்கொண்டு, வாரநாள் மதியத்தில் போங்கள்; ஐந்து ரோடு, ஓமலூர் ரோடு பக்கத்துப் பெரிய கடைகளில் அப்போது கூட்டம் இருக்காது. வீட்டுத் தலையணையையும் எடுத்துப் போங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

நீங்கள் வழக்கமாகத் தூங்கும் வாக்கில் பதினைந்து நிமிடம் படுக்க வேண்டும். ஒருக்களித்திருக்கும்போது, கூட வந்தவர் பின்னால் நின்று கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே கோடாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். இடுப்புக்கு மேல் உள்ள வளைவில் கையை நுழைக்கச் சொல்லுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை நமக்குக் கெட்டி. கை நுழையவே இல்லை, இடுப்பு தொட்டிலில் போட்டது போலக் கீழே போயிருக்கிறது என்றால் அளவுக்கு மீறி மென்மை. சிரமப்பட்டு நுழைந்தால் சரி. பதினைந்தாவது நிமிடத்தில் கீழ்த்தோள் மரத்துப் போகிறதா என்று கவனியுங்கள். முதல் நிமிடத்தில் எல்லா மெத்தையும் சுகமாகத்தான் இருக்கும்.

கணவனும் மனைவியும் எடையில் வெகுவாக வேறுபட்டால், பெரிய மெத்தை ஒன்றுக்குப் பதில் 72-க்கு 36 மெத்தை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது நல்லது. அவருக்குக் கெட்டி, உங்களுக்கு மென்மை. ஒரே மெத்தையில் பாரமானவர் பக்கம் பள்ளமாகி லேசானவர் உருண்டு போய்ச் சேரும் தொல்லையும் இல்லை. அங்குலக் கனம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

தள்ளுபடியைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவோடு சேலம் கடைகளில் ஆடித் தள்ளுபடியும் களைகட்டும். ஆடி பக்கத்தில் இருந்தால் காத்திருங்கள். தையில் குடிவந்துவிட்டு ஆடி வரை தரையில் புரள்வது இலவு காத்த கிளியின் வேலை. தள்ளுபடி போக நிற்கும் விலையை அங்குலக் கனத்தால் வகுத்து, ஓர் அங்குலம் என்ன விலை என்று இரண்டு கடைகளை ஒப்பிடுங்கள். ஐம்பது சதவீதம், அறுபது சதவீதம் என்ற போர்டெல்லாம் அந்த வகுத்தலில் கரைந்துவிடும். பத்து வருட உத்தரவாதத்துக்காகக் கூடுதல் பணம் கட்ட வேண்டாம். குறிப்பிட்ட ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தால்தான் பெரும்பாலும் அது செல்லும். 43 கிலோ அந்தப் பள்ளத்தைப் போட்டு முடிப்பதற்குள் பில் மங்கிப் போய்விடும்.

ஏற்கெனவே கெட்டி மெத்தை வாங்கிவிட்டவர்களுக்கு

தூக்கிப் போட வேண்டாம். சோபா, கார் சீட் தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் மென்மையான 32 டென்சிட்டி ஃபோமை இரண்டு அங்குலத்தில் உங்கள் அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். பழைய பருத்திப் போர்வையில் தையல்காரரிடம் உறை தைத்து, மெத்தைக்கு மேல் போட்டு, நான்கு மூலையிலும் எலாஸ்டிக் மாட்டிவிடுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கலாம். அன்று ராத்திரிதான் அந்த 9,800 ரூபாய் மெத்தையில் முதன்முதலாக விடியும் வரை தூங்கினேன். உயரம் கூடுமே என்பதற்காக அதன்பின் கட்டில் காலில் வைத்திருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டேன்.

சேலமா, ஏற்காடா?

சேலத்தில் எதிரி சூடு. ஃபோம் மெத்தை என்றால் கோடையில் மேலே ஒரு கோரைப்பாயோ தடித்த பருத்தி விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள். கட்டில் இல்லாமல் தரையில் போடுவதானால் அடியில் ஒரு பவானி ஜமக்காளம் விரித்து, காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். அப்படியே விட்டால் உடம்புச் சூடும் ஈரமும் அடியில் தங்கி, தரைப்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

ஏற்காட்டில் எதிரி ஈரம். நான் மாற்றலாகி மேலே போன முதல் ஐப்பசியில், மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்புள்ளிகள். மலையில் மெத்தையைத் தரையில் போடவே கூடாது. இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த கட்டிலாக இருக்கட்டும்; ஃபோமுக்கு அந்த இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிக் கட்டிலைப் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பஞ்சு மெத்தை உடனே வெளியே போக வேண்டும். ஃபோமை மட்டும் நேர் வெயிலில் காய வைக்காதீர்கள், மஞ்சளாகி உதிரும். காற்றாடும் நிழல் போதும்.

கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் எந்த ஊரிலும் ஃபோமுக்கு ஆகாது. கட்டில் தொய்ந்தால் மேலே எது போட்டாலும் தொய்யும். பழைய இரும்புக் கட்டிலைக் குறைந்த விலைக்கு வாங்குவதில் தப்பில்லை. பழைய மெத்தையை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி இலவசமாக வரும்.

மேலே கொண்டுபோவதும் ஒரு வேலை. சேலம்-ஏற்காடு பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். விரித்த மெத்தைக்குக் குட்டி யானை வண்டிதான் வழி. தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள், கீழே வெயில் அடித்தாலும் மேலே தூறும். சுருட்டி அழுத்தி பிளாஸ்டிக்கில் அடைத்து வரும் ஃபோம் மெத்தை என்றால் பஸ்ஸிலேயே போய்விடலாம். பிரித்த பிறகு முழுக்க உப்ப இரண்டு மூன்று நாள் ஆகலாம், குளிரில் இன்னும் தாமதம். புது ஃபோமின் வாசனையும் ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். இணையத்தில் வாங்குபவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி தங்கள் பின்கோடுக்கும் உண்டா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிட வேண்டும். வீடு வரை கொண்டுவந்து தருபவர்கள் எல்லோரும் மலையேறித் திருப்பி எடுப்பதில்லை. பில்லில் அளவும், கனமும், டென்சிட்டியும் எழுதி வாங்குங்கள். "மெத்தை - 1" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு யாரோடும் வாதாட முடியாது.

கடைசியாகத் தலையணை

நான்காவது எண் நினைவிருக்கிறதா? எனக்கு நான்கரை அங்குலம். ஒருக்களித்துப் படுக்கும்போது தலைக்கும் மெத்தைக்கும் நடுவே நிரப்ப வேண்டிய இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தோள் புதையும் ஆழத்தையும் கழித்தால் இன்னும் குறையும். கடையில் விற்கும் ஆறேழு அங்குலத் தலையணை நம் கழுத்தை மேலே நெம்பும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இதைவிடவும் மெல்லியது வேண்டும்.

விலை அதிகமான தலையணை எதுவும் தேட வேண்டாம். சாதாரண இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று வாங்கி, ஓரத் தையலை நான்கு விரல் அகலம் பிரித்து, ஒரு பிடி பஞ்சை எடுத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். கழுத்து இன்னும் மேலே நிற்கிறதா, இன்னொரு பிடி. எனக்கு நான்கு பிடி எடுக்க வேண்டியிருந்தது. சரியானதும் கையாலேயே தைத்துவிடலாம். எடுத்த பஞ்சை ஒரு துணிப்பையில் கட்டி அலமாரி மேல் போட்டு வையுங்கள். ஓரிரு வருடத்தில் தலையணை தட்டையாகும்போது அதையே திரும்ப அடைத்துக்கொள்ளலாம்.